கேலி செஞ்சவரோட ஏரியாவுலயே கலக்கின சந்திரசேகர்!

ஆடி மாசம் சேலம் கோட்டை மாரியம்மன் கோயில் கூட்டத்துல மாட்டியிருக்கீங்களா? அங்கே ஒரு சினிமா ஸ்டார் நடந்து போறார்னு வெச்சுக்கோங்க. அவர் தாண்டிப் போறவங்க எல்லாம் திரும்பி அவர் பின்னாலயே சேருவாங்க. கூட்டம் பின்னால இருந்து இழுக்க இழுக்க, அவர் வேகம் குறைஞ்சுடும். வானத்து ஸ்டார்களுக்கும் இதே கதிதான். அதைக் கணக்கு போட்டுச் சொன்னவர், சென்னை மாநிலக் கல்லூரியில படிச்ச சுப்பிரமணியன் சந்திரசேகர்.

1983-ல அவர் வாங்கின நோபல் பரிசு பத்தி ஸ்கூல்லயே படிச்சிருப்போம். அதுக்கு நடுவுல ஒரு அத்தியாயம் இருக்கு. ஏனோ அதை யாரும் பெருசா பேசுறதில்ல.

1935 ஜனவரி 11, லண்டன். சூரியனைப்போல சுமார் 1.4 மடங்குக்கு மேல எடை இருந்தா, ஒரு நட்சத்திரம் வெள்ளைக் குள்ளனா அடங்க முடியாதுன்னு விளக்குறார் சந்திரசேகர். வயசு 24தான். அடுத்துப் பேச எழுந்தவர், அன்னைக்கு வானியல்ல கொடிகட்டிப் பறந்த ஆர்தர் எடிங்டன். அந்த முடிவையே அவர் கேலி செய்ய, அரங்கம் சிரிச்சுது. கேம்பிரிட்ஜ்ல பக்கத்துலயே இருந்து அந்த ஆராய்ச்சியைப் பார்த்துட்டு வந்தவர் எடிங்டன். வலி அங்கேதான்.

சந்திரசேகர் சண்டை பிடிக்கல. 1937-ல மனைவி லலிதாவோட அமெரிக்கா, யெர்க்ஸ் வானாய்வகம். 1939-ல நட்சத்திரங்களோட உள்கட்டமைப்பு பத்தி ஒரு புத்தகம் எழுதி, அந்த விஷயத்தை மூடி வெச்சுட்டார். கையில எடுத்தது புதுக் கேள்வி. கோடிக்கணக்கான நட்சத்திரங்கள் சேர்ந்த கூட்டத்தைத் தராசுல வைக்க முடியாது. ஆனா, அதுங்க ஓடுற வேகத்தை அளக்கலாம். அந்த வேகத்தை வெச்சே, இழுத்துப் பிடிக்கிற எடை எங்கெங்கே எப்படிப் பரவியிருக்குன்னு சொல்ல முடியுமா?

இதுல ஒரு வேடிக்கை. இந்தத் துறையோட முன்னோடிகள்ல ஒருத்தர் எடிங்டன். 1914-லயே இதைப் பத்திப் புத்தகம் போட்டவர். கோவிச்சுக்கிட்டு ஓடுறவர் அந்த வீட்டு வாசலுக்கா போவார்?

1942-ல சந்திரசேகரோட புத்தகம் வந்துச்சு. 1943-ல அந்தத் திருவிழா இழுவைக் கணக்கு. அதுக்குப் பேரு 'இயக்க உராய்வு'. சுத்தி எடை எவ்வளவு அடர்த்தியோ, பிரேக் அவ்வளவு பலம். கண்ணுக்கே தெரியாத கரும்பொருளும் இப்படித்தான் இழுக்கும். பெரிய கேலக்ஸிக்குள்ள சின்னது ஏன் மெல்ல மெல்லச் சரிஞ்சு விழுதுன்னு சொல்ல, இன்னைக்கும் அவர் ஃபார்முலாவைத்தான் எடுக்கிறாங்க.

1944-ல எடிங்டன் இறந்தார். சிகாகோவுல நடந்த அஞ்சலியில சந்திரசேகர் பேசினார். அந்தக் காலத்து வானியலாளர்கள்ல கார்ல் ஷ்வார்ஷீல்டுக்கு அடுத்த இடத்தை எடிங்டனுக்குத்தான் கொடுத்தார்.