சகோதரர்களைப் பறித்த நோய்க்கு மருந்து கண்ட சுப்பாராவ்

கர்ப்பிணிகளுக்கு வழங்கப்படும் ஃபோலிக் அமிலம், யானைக்கால் நோய்த் தடுப்புக்காக வீடுதோறும் வழங்கப்படும் டிஇசி, புற்றுநோய்க்கும் முடக்குவாதத்துக்கும் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் ஆகிய மூன்று மருந்துகளின் வரலாறும் எல்லப்பிரகட சுப்பாராவ் என்ற இந்திய உயிர்வேதியியலாளரிடம் சென்று சேர்கிறது. அவரது பெயரோ பாடநூல்களில்கூட அரிதாகவே தென்படுகிறது.

1895 ஜனவரி 12-இல், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்த சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதர் அணிந்தது ஆங்கிலேயப் பேராசிரியர் ஒருவரின் சினத்தைக் கிளறியது. இறுதியில் எம்பிபிஎஸ் பட்டத்துக்குப் பதிலாக, அதனினும் தாழ்ந்த எல்எம்எஸ் சான்றிதழே அவருக்குக் கிடைத்தது.

அந்த அவமதிப்பைவிடப் பெரிய இழப்பு குடும்பத்தில் நேர்ந்தது. உணவின் சத்துகளைக் குடல் ஈர்க்கவிடாமல் செய்து, கடும் இரத்தசோகையில் தள்ளும் ஸ்ப்ரூ நோய்க்கு அவரது சகோதரர்கள் இருவர் சில நாள் இடைவெளியில் பலியாயினர். அவரையும் அந்நோய் தாக்கியது; ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதியின் சிகிச்சையால் மீண்டார்.

1923-இல் மனைவியைத் தாயகத்தில் விட்டு பாஸ்டன் சென்ற அவர், மருத்துவமனையில் இரவுப் பணியாளராக வேலை செய்து படித்தார். ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்குடன் இணைந்து, இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸை அளவிடும் முறையை 1925-இல் வெளியிட்டார். உயிரணுக்களின் ஆற்றல் நாணயம் எனப்படும் ஏடிபி மூலக்கூறையும் இருவரும் 1929-இல் தசையிலிருந்து பிரித்தெடுத்தனர். ஆயினும் அப்பல்கலைக்கழகம் அவருக்கு நிரந்தரப் பேராசிரியர் பதவி வழங்கவில்லை.

1940-இல் லெடர்லே ஆய்வகத்தில் சேர்ந்தபின், அவரது குழு 1945-இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. சகோதரர்களைக் கொன்ற ஸ்ப்ரூவுக்கு அது மருந்தாயிற்று. யானைக்கால் நோய்க்கான டிஇசி 1947-இல் வெளிவந்தது.

இதற்கிடையே, ஃபோலிக் அமிலம் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயை வேகப்படுத்துவதாக பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர் கருதினார். அப்படியானால் அதன் செயலைத் தடுக்கும் பொருள் நோயையும் தடுக்கலாம் அல்லவா? அத்தகைய பொருள்களைச் சுப்பாராவின் குழு தயாரித்து அளித்தது. அவற்றுள் ஒன்றான அமினோப்டெரின், சிறார் சிலருக்கு நோயைத் தற்காலிகமாகத் தணித்தது. அதன் நெருங்கிய உறவே மெத்தோட்ரெக்சேட்.

ஃபார்பரின் ஆய்வறிக்கை 1948 ஜூனில் வெளியானது. அதே ஆண்டு ஆகஸ்டில், 53-ஆவது வயதில் சுப்பாராவ் காலமானார். கால் நூற்றாண்டு அமெரிக்காவில் வாழ்ந்தும் அந்நாட்டுக் குடியுரிமையை அவர் பெறவில்லை. தாயகம் திரும்பவும் இல்லை.