பொன்வால் நரியைப் படைத்த எட்டயபுரத்தார்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – விலங்கியல்)

பாரதியாரின் பாட்டைப் பாடாத பள்ளி விழா நம் மாவட்டத்தில் இல்லை. மேடை ஏறிப் பேசும் மாணவர் எவராயினும் முண்டாசும் முறுக்கு மீசையும் கொண்ட அந்த உருவத்தை ஒருமுறையேனும் நினைவூட்டாமல் இறங்குவதில்லை. ஆனால் அந்தக் கவிஞர் நரியையும் காக்கையையும் பேசவிட்டு அரசியல் பேசியவர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? விலங்கியல் படிக்கும் மாணவன் இலக்கியக் கட்டுரை எழுதப் புகுந்தது ஏன் என்று நண்பர்கள் கேட்டனர். நரி இருக்கிறதே, அந்த உரிமை போதாதா?

1882 ஆம் ஆண்டு டிசம்பர் 11 ஆம் நாள் எட்டயபுரத்தில் சின்னசாமி ஐயருக்கும் இலக்குமி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார் சுப்பிரமணியன். அன்று எட்டயபுரம் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தது. 1986 இல் புதிய மாவட்டம் பிறந்தபோது நம் தூத்துக்குடி மாவட்டத்தில் சேர்ந்தது. ஐந்து வயதில் தாயை இழந்தார். பதினொரு வயதில் எட்டயபுரத்துப் புலவர் அவையில் பாரதி என்னும் பட்டம் பெற்றார். தந்தையார் எந்திர அறிவில் நாட்டம் உடையவர். கரிசல் மண்ணில் விளையும் பருத்தியை நம்பி அரவை ஆலை ஒன்றைத் தொடங்கினார். அது நொடித்தது, அந்தத் துயரத்திலேயே 1898 இல் அவர் காலமானார். வெள்ளையர் வணிகம் என்பது பாரதியாருக்கு ஏட்டில் படித்த செய்தியன்று. வீட்டில் விழுந்த இடி அது.

பிறகு காசி வாழ்க்கை. 1898 முதல் நான்கு ஆண்டுகள் அங்கே அத்தை வீட்டில் தங்கிப் படித்தார். அதே 1898 இல் அதே காசியில் ஆங்கிலப் பெண்மணி ஒருவர் மத்திய இந்துக் கல்லூரியை நிறுவினார். அவர்தாம் அன்னி பெசன்ட் அம்மையார். இந்தப் பெயரை வாசகர்கள் மறவாதிருக்க வேண்டும். கதை மீண்டும் அவரிடமே வந்து சேரும்.

காசியிலிருந்து திரும்பிய இளைஞர் எட்டயபுரம் ஜமீனில் சிறிது காலம் பணிபுரிந்தார். பொழுது போகாத பெரிய மனிதருக்குப் பத்திரிகை படித்துக் காட்டி வாழ்வது அவருக்கு ஒத்து வரவில்லை. 1904 இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதம் தமிழாசிரியர். அதே ஆண்டின் இறுதியில் சென்னையில் சுதேசமித்திரனில் உதவியாசிரியர். 1906 இல் இந்தியா வார இதழ் தொடங்கியது. தமிழ்ப் பத்திரிகையில் அரசியல் கருத்துப்படங்களை முதன்முதலில் இடம்பெறச் செய்த பெருமை அந்த இதழுக்கு உரியது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவரும் படத்தைப் பார்த்துச் சிரிப்பார். சிரித்தவர் பக்கத்தில் இருப்பவரிடம் பொருள் கேட்பார். பரப்புரையின் முதற்பாடத்தைப் பாரதியார் அங்கேதான் கற்றிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அந்த ஆண்டிலேயேதான் நம் ஊரில் வ. உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே தமிழன் கப்பல் ஓடியது. 1908 பிப்ரவரி 27 அன்று கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியது. மார்ச்சு 12 அன்று சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் சிறைப்பட்டனர். ஜூலையில் சிதம்பரனாருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அடுத்த மாதம் இந்தியா இதழின் மீது வழக்கு வந்தது. ஆசிரியர் எனச் சட்டப்படி பெயர் பதிந்திருந்த சீனிவாசன் ஐந்தாண்டு சிறைத் தண்டனை பெற்றார். எழுதிய கை வேறு, விலங்கு பூண்ட கை வேறு! பாரதியார் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குச் சென்றுவிட்டார். அவர் ஓடினார் என்று குறை கூறுவோர் அன்றும் இருந்தனர், இன்றும் உள்ளனர். சிறையில் செக்கிழுக்க ஒருவர் தேவைப்பட்டதுபோல, வெளியில் இருந்து எழுதவும் ஒருவர் தேவைப்பட்டார் என்றே நான் கருதுகிறேன்.

புதுச்சேரியில் பத்து ஆண்டுகள் வாழ்ந்தார். இந்தியா இதழ் அங்கிருந்தும் வெளிவந்து, 1910 இல் நின்றுபோனது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி நிலையத்தில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டபின் அரசாங்கத்தின் கண்ணுக்கு எல்லாமே வெடிகுண்டாகத் தெரிந்தன. பாரதியாரின் ஆறில் ஒரு பங்கு என்னும் கதையும், தம் வாழ்க்கையைச் சொல்லும் கனவு என்னும் கவிதை நூலும் அந்த ஆண்டில் தடை செய்யப்பட்டன. வெளிப்படையாக எழுதினாலும் தண்டனை, காதல் கதை எழுதினாலும் தண்டனை என்னும் நிலை. இப்படிப்பட்ட காலத்தில் எழுத்தாளன் என்ன செய்வான்?

விலங்குகளைத் துணைக்கு அழைப்பான். இது புதிய வழியன்று. பஞ்சதந்திரம் பிறந்ததே அரசகுமாரர்களுக்கு அரசியல் கற்பிக்கத்தான். அந்நூல் பாரசீகம் சென்று, எட்டாம் நூற்றாண்டில் அரபு மொழியில் கலீலாவும் திம்னாவும் ஆயிற்று. தமிழில் தாண்டவராய முதலியார் 1826 இல் உரைநடையில் தந்தார். படிக்காதவர் வீட்டிலும் அக்கதைகள் வாழ்கின்றன. எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். உப்பளத்தில் உப்பு வாரும் என் தாயார் ஏடு தொட்டதில்லை. ஆயினும் சாயத்தொட்டியில் விழுந்து நீல நிறம் பெற்று அரசனாகிய நரியின் கதையை அவர் சொல்லித்தான் நான் முதலில் கேட்டேன். தேர்தல் காலத்தில் வாக்குக் கேட்டு வந்துபோன ஒருவரைப் பற்றிப் பேச்சு வந்தால், சாயம் வெளுத்துப் போச்சு என்று ஒரே தொடரில் அவர் தீர்ப்புக் கூறிவிடுவார். அந்தத் தொடருக்குப் பின்னால் ஒரு கதை முழுவதும் இருக்கிறது.

பாரதியார் பஞ்சதந்திரத்தின் வழியில் நவதந்திரக் கதைகள் எழுதத் தொடங்கினார். தந்தை மக்களுக்குக் கதை சொல்லும் அமைப்பு. அது முற்றுப்பெறவில்லை. காக்காய்ப் பார்லிமெண்ட் என்னும் சிறிய எழுத்தோ படித்தவர் சிரிக்காமல் இருக்க முடியாதது. பறவை விலங்குகளின் மொழி அறிந்த சாமியார் ஒருவர் காக்கைக் கூட்டம் கரைவதன் பொருளை எடுத்துரைக்கிறார். ருஷியச் சக்கரவர்த்தியை மக்கள் நீக்கிவிட்ட செய்தி காக்கைகளின் சபைக்கு எட்டிவிடுகிறது. தங்கள் அரசனைப் பற்றியும் அவை பேசத் தொடங்குகின்றன! ஜார் மன்னன் வீழ்ந்தது 1917 இல். ஆங்கில இலக்கியம் பயிலும் நண்பர்கள் பெரிதும் போற்றும் ஜார்ஜ் ஆர்வெல்லின் விலங்குப் பண்ணை 1945 இல்தான் வந்தது. நம் நாட்டில் மோதிஹாரியில் பிறந்த அந்த ஆர்வெல் அதே ருஷியப் புரட்சியைப் பன்றிகளையும் குதிரையையும் கொண்டு சொன்னார். பாரதியார் காக்கைகளைக் கொண்டு சொன்னது புரட்சியின் விடியற்காலம். ஆர்வெல் சொன்னது அதன் மாலைப்பொழுது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து எடை போடுவது முறையன்று. ஆர்வெல்லின் நூலுக்கு நேர்ந்த விந்தை ஒன்றை மட்டும் இங்கே குறிக்கலாம். போர்க்காலத்தில் ருஷியா நட்பு நாடாக இருந்ததால் பதிப்பாளர்கள் அதனை வெளியிட அஞ்சினர். சில ஆண்டுகள் கழிந்ததும் அமெரிக்க உளவுத்துறையே இரகசியமாகப் பணம் கொடுத்து அதனைக் கேலிச்சித்திரப் படமாக எடுக்க வைத்தது. படம் 1954 இல் வெளிவந்தது. பரப்புரையைச் சாடிய கதையே பரப்புரைக் கருவி ஆயிற்று.

இனி நரிக்கு வருவோம். 1914 இல் புதுச்சேரியிலிருந்து பாரதியார் ஆங்கிலத்தில் பொன்வால் நரி என்னும் கதையை எழுதினார். ஏன் ஆங்கிலம்? அந்த நரியை நம்பியவர்கள் ஆங்கிலம் படித்தவர்கள். மருந்து நோயாளிக்குத்தானே தரவேண்டும்! வாலிழந்த நரி ஒன்று மற்ற நரிகளையும் வாலை அறுத்துக்கொள்ளச் சொன்ன கதை ஈசாப்பில் உண்டு. பாரதியாரின் நரிக்கோ வால் இருக்கிறது, அதுவும் பொன்வால். அந்தப் பொன்னின் மகிமையை மற்ற விலங்குகளை நம்ப வைப்பதே அதன் தொழில். மறைபொருள் உடைய கட்டுக்கதை என்று தலைப்பின் கீழ் ஒரு குறிப்பும் உண்டு. மறைபொருள் என்பது பிரம்மஞான சபையார் எப்போதும் வாயில் வைத்திருந்த சொல்; அதனை எடுத்து அவர்கள்மேலேயே எறிந்தார். விலங்கியல் மாணவன் என்ற முறையில் ஒரு வார்த்தை: நம் நாட்டுக் கதைகளில் வரும் நரி பெரும்பாலும் குள்ளநரி. அதன் அறிவியல் பெயர் கேனிஸ் ஆரியஸ். ஆரியஸ் என்னும் இலத்தீன் சொல்லுக்குப் பொன்னிறம் என்றே பொருள். பாரதியார் இதனை எண்ணி எழுதினார் என்று நான் கூற வரவில்லை. பொருத்தம் அழகாக இருக்கிறது, அவ்வளவுதான்.

நரி யார் என்பது அன்று படித்த எவருக்கும் தெரிந்திருக்கும். 1907 இல் பிரம்மஞான சபையின் தலைவரான பெசன்ட் அம்மையார், அடையாற்றில் இருந்த கிருஷ்ணமூர்த்தி என்னும் சிறுவனை வரப்போகும் உலக குருவின் வடிவம் என்று அறிவித்தார். 1911 இல் அதற்கென்று கீழ்த்திசை நட்சத்திரச் சங்கம் என ஓர் அமைப்பே தோன்றியது. சிறுவனின் தந்தை நாராயணையா மகனை மீட்க 1912 இல் வழக்குத் தொடுத்தார். சென்னை உயர்நீதிமன்றத்தில் தந்தை வென்றார். 1914 இல் இலண்டன் பிரிவி கவுன்சிலில் அம்மையார் வென்றார். பெரிய பெரிய வழக்கறிஞர்களும் நீதிபதிகளும் அம்மையாரின் நாவன்மையில் மயங்கிக் கிடந்தனர். முத்துக்குளித்துறையில் பிறந்த நமக்குப் போலி முத்தின் மினுக்கு தெரியும். உண்மை முத்தைவிட அது சில நேரம் அதிகமாகவே பளபளக்கும்.

ஆனால் ஒரு கேள்வி என்னை விடவில்லை. அன்னி பெசன்ட் நரிதானா? 1888 இல் இலண்டனில் பிரயண்ட் அண்டு மே தீப்பெட்டி ஆலையில் வேலை செய்த ஏழைப் பெண்களின் கொடுமையை எழுதி, அவர்கள் வேலைநிறுத்தத்திற்குத் துணை நின்றவர் இதே அம்மையார். என் பெரியம்மா கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி ஆலையில் குச்சி அடுக்கிக் கைவிரல் தேய்ந்தவர். அவருக்காக இலண்டனிலிருந்து எவரும் எழுதவில்லை. அன்று அந்தப் பெண்களுக்காக எழுத ஒருவர் இருந்தார். 1916 இல் தன்னாட்சிக் கழகம் தொடங்கியதும், 1917 ஜூனில் அதற்காக உதகமண்டலத்தில் காவலில் வைக்கப்பட்டதும், அதே ஆண்டு டிசம்பரில் கல்கத்தாக் காங்கிரசுக்குத் தலைமை ஏற்ற முதல் பெண்மணி ஆனதும் அவர்தாம். இவை எதற்கும் நரியின் தோலில் இடமில்லை. மனிதரை மனிதராகவே எழுதினால் பின்னால் திருத்திக்கொள்ளலாம். நரியாக எழுதிவிட்டால் நரி நரிதான். நட்சத்திரச் சங்கத்தைப் பற்றிப் பாரதியார் எழுதியது சரி. அந்தப் பெண்மணியைப் பற்றி அது பாதிதான் என்பது என் துணிபு. இவ்வாறு சொல்வதால் பாரதியாருக்குக் குறைவு நேர்ந்துவிடாது. தம் ஊர் ஜமீனையும் அவர் விட்டுவைக்கவில்லை. சின்னச் சங்கரன் கதையில் கவுண்டனூர் என்ற பெயரில் எட்டயபுரத்தையும், அங்கே வயிறு வளர்த்த புலவர் கூட்டத்தையும் கிழித்துக் காட்டினார். அக்கூட்டத்தில் ஒரு காலத்தில் தாமும் இருந்தவர் என்பதை மறைக்கவில்லை. தன்னையும் சேர்த்துச் சிரிக்கத் தெரிந்தவன் பிறரைப் பார்த்துச் சிரிக்கலாம்.

1918 நவம்பரில் புதுச்சேரி எல்லையைக் கடந்தபோது கைதானார். கடலூர்ச் சிறையில் சில வாரம் இருந்து டிசம்பரில் விடுதலை பெற்றார். மனைவி செல்லம்மாளின் ஊராகிய கடையத்தில் வறுமையோடு ஈராண்டுகள் கழிந்தன. 1920 இல் மீண்டும் சுதேசமித்திரன். மறு ஆண்டு திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி கோயில் யானை அவரைத் தள்ளியது. விலங்குகளைப் பேசவைத்தவர் அந்த விலங்கை அன்போடு உணவு கொடுக்கவே அணுகினார். காயம் ஆறியது; ஆனால் உடல் தளர்ந்திருந்தது. வயிற்று நோய் கண்டு 1921 செப்டம்பர் 11 நள்ளிரவு கடந்து, 12 ஆம் நாள் பிறந்த வேளையில் உயிர் பிரிந்தது. வயது 39 கூட நிறையவில்லை. சுடுகாட்டுக்கு உடன் சென்றவர்கள் மிகச் சிலரே. எட்டயபுரத்தில் மணிமண்டபம் எழுந்து 1947 இல் திறக்கப்பட்டபோது ஊர் கொள்ளாத கூட்டம்.

1929 ஆகஸ்டு 3 ஆம் நாள் ஆலந்து நாட்டில் ஓமன் என்னும் ஊரில் நட்சத்திரச் சங்கத்தார் ஆயிரக்கணக்கில் கூடியிருந்தனர். உலக குரு என்று போற்றப்பட்ட கிருஷ்ணமூர்த்தி, இப்போது 34 வயது இளைஞர், எழுந்து நின்றார். தமக்குச் சீடர்கள் வேண்டாம் எனக் கூறித் தம் பெயரால் நடந்த சங்கத்தைத் தாமே கலைத்தார். பாரதியார் மறைந்து அப்போது எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. பெசன்ட் அம்மையார் அந்தக் கூட்டத்தில் அமர்ந்திருந்தார்.