அறிஞர் பேற்றன் றவுஸ்

1909ஆம் ஆண்டிலே, நியூயோர்க் நகரின் றொக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்துக்குக் கோழி வளர்க்கும் ஒருவர் ஒரு பேட்டைக் கொண்டுவந்தார். 'பிளிமத் றொக்' என்னும் நல்லினத்தைச் சேர்ந்த அப்பேட்டின் வலப்புற மார்பிலே பெரியதொரு கட்டி வளர்ந்திருந்தது. அதனைப் பெற்றுக்கொண்ட வைத்தியர் அப்போது 30 வயதளவினர். புற்றுநோய் ஆராய்ச்சியைப் பொறுப்பேற்றுச் சில மாதங்களே ஆகியிருந்தன. பிரான்சிஸ் பேற்றன் றவுஸ் என்பது அவர் பெயர். புற்றுநோயைப் பற்றி இன்று நாம் அறிந்துள்ளவற்றுட் பெரும்பகுதிக்கு அந்த ஒரு கோழி வித்தாயிற்று என்றால் அது மிகையன்று.

றவுஸ் 1879ஆம் ஆண்டு ஒக்டோபர் 5ஆந் திகதி அமெரிக்காவின் பால்ற்றிமோர் நகரிலே பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். தாயின் சுற்றத்தார் தொலைவிலுள்ள டெக்சாஸ் நாட்டிலே இருந்தனர். ஆயினும் பிள்ளைகளின் கல்வியை எண்ணி அவ்வம்மையார் பால்ற்றிமோரை விட்டகலவில்லை. மைந்தர் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் சர்வகலாசாலையிற் சேர்ந்து பயின்றார். மாணவப் பருவத்திலே அவ்வூர்ச் செய்தித்தாளொன்றிற்கு மாதந்தோறும் ஒரு மலரைப் பற்றி எழுதிப் பொருளீட்டினார் என்பது நம் போன்ற ஏட்டுப் பிரியர்க்கு உவப்பளிக்குஞ் செய்தியாகும்.

வைத்தியக் கல்வியின்போது அவர்க்கு ஓர் இடையூறு நேர்ந்தது. காசநோயால் இறந்தார் ஒருவரின் உடலை அறுத்து ஆராய்கையில், நோயுற்ற எலும்பொன்று அவர் விரலைக் கீறிவிட்டது. நோய் அக்குளிலுள்ள கணுவரை ஏறிற்று. சத்திரசிகிச்சையால் அக்கணுவை அகற்றிய பின்னர், ஓராண்டு படிப்பை நிறுத்தி டெக்சாஸ் சென்று மாடு மேய்த்துத் திறந்த வெளியிலே உறங்கி வாழ்ந்தார். உடல் தேறி மீண்டுவந்து 1905இல் வைத்தியப் பட்டம் பெற்றார். நோயாளரைப் பார்க்குந் தொழில் தமக்கு ஏலாதெனக் கண்டு, நோய் எவ்வாறு உண்டாகின்றது என்னும் நோயியல் ஆராய்ச்சியையே வாழ்க்கைத் தொழிலாக மேற்கொண்டார்.

இனிக் கோழிக்கு வருவோம். றவுஸ் அக்கட்டியின் துண்டங்களை வேறு கோழிகளின் உடலிற் பதித்தார். முதலிலே நெருங்கிய உறவுடைய கோழிகளில் மட்டுமே அது வேரூன்றிற்று. பன்முறை மாற்றி நட்டபின் வீரியம் மிக்கு வளர்ந்தது. இஃது அத்துணைப் புதுமையன்று. உயிருள்ள கலங்களை நட்டால் அவை வளருதல் இயல்பே. அடுத்து அவர் செய்ததே புதுமை. கட்டியை மணலுடன் சேர்த்து அரைத்து, உப்புநீரிற் கலக்கி, தெளிவித்து, மிக நுண்ணிய துளைகளையுடைய வடியினூடே செலுத்தினார். பற்றீரியாவும் புகவொண்ணாத துளைகள் அவை. கோழியின் கலமோ அதனினும் பன்மடங்கு பெரிது. ஆகவே வடிந்த நீரிலே ஒரு கலமேனும் இருத்தல் இயலாது. அந்நீரைச் செலுத்திய கோழிகளிலும் அதே புற்றுக்கட்டி தோன்றிற்று. 1911ஆம் ஆண்டு இதனை வெளியிட்டபோது, தலைப்பிலே வைரசு என்ற சொல்லைப் பெய்யாது, கலத்தினின்று பிரிக்கத்தக்க ஒரு காரணி என்ற அளவில் அடக்கமாகக் குறித்தார்.

கற்றோர் நம்பவில்லை. புற்றுநோய் உடலின் உள்ளிருந்தே எழுவது, அம்மை போலவோ காசம் போலவோ புறத்தே இருந்து வருவதன்று என்பது அக்காலத்தார் முடிபு. வடியிலே பழுதிருக்கலாம், கலங்கள் கசிந்திருக்கலாம் என்றனர் சிலர். அது புற்றே அன்று என்றனர் வேறு சிலர். கோழிக்கு நிகழ்வது மனிதர்க்கு எதற்கு என்றாரும் உளர். 1908இலே தென்மார்க்கு நாட்டில் எல்லேர்மான், பாங் என்னும் இருவர் கோழியின் வெண்குருதி நோய் இவ்வாறே வடிநீரால் தொற்றுவதைக் காட்டியிருந்தனர். ஆயின் அந்நோயை அன்று எவரும் புற்றின் வகையாகக் கருதாமையால் அச்சான்றும் துணைநிற்கவில்லை. றவுஸ் எலிகளிலே அத்தகைய காரணியைத் தேடித் தேடி ஒன்றுங் காணாது, 1915ஆம் ஆண்டளவில் அத்துறையையே கைவிட்டார்.

கைவிட்டவர் வாளாவிருக்கவில்லை. ஐரோப்பாவிலே போர் மூண்டிருந்தது. றவுஸ், ரேணர் என்பாரோடு கூடிச் சித்திரேற்று உப்பும் வெல்லமும் கலந்த கரைசலிலே குருதியைச் சில வாரங்கள் கெடாது வைக்கும் முறையை 1916இல் வெளியிட்டார். அவருடைய ஆய்வுகூடத்திலே பழகிய றொபேட்சன் 1917இல் பிரான்சு தேசத்துப் போர்முனைக்கு அம்முறையைக் கொண்டுசென்று, காயமுற்ற வீரர்க்குச் சேமித்த குருதியை ஏற்றினார். இன்றைய குருதி வங்கிகளின் தொடக்கம் இதுவே. றவுஸ் வேறெதனையும் செய்யாதிருந்தாலும் இஃதொன்றே அவர் பெயரை நிறுத்தப் போதுமானது என்பது என் கருத்து.

புற்றாராய்ச்சிக்கு அவரை மீட்டு அழைத்தவர் நண்பர் சோப் ஆவர். காட்டுமுயலின் தோலில் எழும் கொம்பு போன்ற முளைகளுக்கு ஒரு வைரசே காரணம் என 1933இல் சோப் கண்டு, மேற்கொண்டு ஆராயும் பணியை நண்பரிடம் ஒப்படைத்தார். அம்முளைகள் நாளடைவிற் கொடிய புற்றாக மாறுதலை றவுசும் பியேட் என்பாரும் 1935இல் எடுத்துக்காட்டினர். கோழிக்கு மட்டுமே உரியது என்ற வாதம் அன்றே தளர்ந்தது. கீலெண்ணெய் பூசிய முயற்றோலை ஆராய்ந்து, புற்று ஒரே நொடியிற் பிறப்பதன்று. ஒரு காரணி தொடக்க, மற்றொன்று தூண்ட, படிப்படியாக எழுவது என்ற கொள்கையையும் அவர் வகுத்தார்.

நோபெற் பரிசுக்கு றவுசின் பெயர் முதன்முறை முன்மொழியப்பட்டது 1926இல். அவ்வாண்டுப் பரிசு, எலியின் வயிற்றுப் புற்றுக்கு ஒரு புழுவே காரணம் என்ற பிபிகர் என்பார்க்குச் சென்றது. பின்னர் அம்முடிபு தவறென்று கண்டனர். சூடுகண்ட பூனை அடுப்பங்கரையை நாடாதவாறுபோல, பரிசுக் குழுவினர் புற்றாராய்ச்சியாளரை நெடுங்காலம் அணுக அஞ்சினர் போலும். 1963இலே அவர் மருமகன் அலன் ஹொட்ஜ்கின் நரம்பியல் ஆராய்ச்சிக்கு அப்பரிசைப் பெற்றார். மாமனார் மூன்றாண்டு பிந்தி, 1966இல், தமது 87ஆம் வயதிலே, ஹகின்ஸ் என்பாரோடு அதனைப் பகிர்ந்துகொண்டார். வடிநீரை வெளியிட்ட நாளினின்று 55 ஆண்டுகள் கழிந்திருந்தன.

றவுசின் வாழ்விலே என்னை மிகவும் வியப்பித்த செய்தி இனிக் கூறுவதே. அவர் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஒரு வைத்திய ஆராய்ச்சி ஏட்டின் பதிப்பாசிரியராக இருந்து, பிறர் கட்டுரைகளைச் சொற்சொல்லாக நிறுத்துத் திருத்தினார். பரம்பரை இயல்புகளைத் தாங்குவது டி.என்.ஏ. என்ற பொருளே எனக் காட்டிய ஏவரி குழுவினரின் கட்டுரை 1944இல் அவ்வேட்டிலேதான் வெளிவந்தது. அத்தகையவர், கலத்தின் பரம்பரையலகுகளில் நேரும் விகாரமே புற்றுக்கு வேர் என்ற கொள்கையைக் கடுமையாக எதிர்த்தார். பரிசு பெற்ற மேடையிலும் அவ்வெதிர்ப்பைக் கைவிடவில்லை. தம் வடிநீரைப் பிறர் நம்பாத துன்பத்தை அறிந்தவரே, பிறர் கொள்கையின்பால் இத்துணை இறுக்கம் காட்டினார்.

1970ஆம் ஆண்டு பெப்ருவரி 16ஆந் திகதி றவுஸ் காலமானார். சில திங்களுள், ரெமின் என்பார் றவுசின் வைரசிலேயே ஒரு நொதியத்தைக் கண்டார். ஆர்.என்.ஏ.யை டி.என்.ஏ.யாக எழுதி, கோழியின் பரம்பரைப் பொருளினுள்ளே புகுத்த உதவுவது அது; போல்ற்றிமோர் என்பாரும் வேறொரு வைரசில் அதனையே கண்டார். 1976இல் பிசப், வாமஸ் முதலியோர் மேலும் ஒரு படி சென்றனர். புற்றை எழுப்பும் 'சார்க்' என்னும் அலகு வைரசின் சொந்தப் பொருளன்று. நோயற்ற கோழியின் ஒவ்வொரு கலத்திலும் அதன் மூலம் உண்டு. வைரசு என்றோ அதனைக் கவர்ந்து சென்று மாற்றியிருந்தது. அவ்வலகு மனிதரிடத்தும் உளது. றவுஸ் மறுத்த கொள்கைக்குச் சான்று, அவர் கண்டுபிடித்த வைரசினுள்ளேயே அடங்கியிருந்தது.

இன்று நோயியலார் இவ்விரு வழிகளாலும் புற்றை நாடுகின்றனர். தொற்றின் வழி ஒன்று: கருப்பைக் கழுத்துப் புற்றுக்குக் காரணமான பப்பிலோமா வைரசு, சோப் தந்த முயல் வைரசின் இனத்தது, அதன் டி.என்.ஏ.யைத் தேடும் பரிசோதனை, புற்று தோன்றுமுன்பே இடர் உடையாரை இனங்காட்டுகின்றது. நம் நாட்டுப் பள்ளிக்கூடங்களில் ஆறாந் தர மாணவியர்க்கு 2017 முதல் ஏற்றப்படுவது இவ்வைரசுக்கு எதிரான தடுப்பூசியே. பரம்பரையலகின் வழி மற்றொன்று: மார்பகப் புற்றின் துண்டத்தை ஆராயும்போது 'ஹேர்-2' என்னும் குறியைத் தேடுவர், அது மிக்கிருப்பின் அதற்கென அமைந்த மருந்து உண்டு. அவ்வலகிற்கு 'ஈ.ஆர்.பி.பி.-2' என்றும் ஒரு பெயர் வழங்கும். அவ்வெழுத்துக்கள், கோழிகளின் குருதியிலே புற்றை விளைக்கும் பிறிதொரு வைரசின் பெயரினின்று பிறந்தவை.