சேனைக்கு ஆசிரியர்களை உண்டாக்கியவர்

ஒரு தேசம் சுதந்திரப் போரில் இறங்கும்போது அதற்காக உயிரைக் கொடுக்கத் துணிந்த வீரர்கள் கிடைப்பது அரிதன்று. அவ்வீரர்களைப் பழக்கி ஒழுங்கான சேனையாக்கவல்ல ஆசிரியர்கள் கிடைப்பதே அரிது. பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துப் போராடிய அமெரிக்கருக்கு இக்குறை நேர்ந்தபோது அதைத் தீர்த்துவைத்தவர் பிரடெரிக் வில்லியம் ஸ்டூபன் என்னும் ஜெர்மானியர்.

இவர் 1730-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 17-ந் தேதி மாக்டபர்க் நகரில் ஓர் இராணுவ உத்தியோகஸ்தரின் புதல்வராகப் பிறந்தார். இளம்பருவத்திலேயே பிரஷ்ய சேனையில் சேர்ந்து, 1756 முதல் 1763 வரை நடந்த ஏழாண்டு யுத்தத்தில் இரு முறை காயமுற்றார். பிரஷ்ய மன்னர் மகா பிரடெரிக், தேர்ந்தெடுத்த சில உத்தியோகஸ்தர்களுக்குத் தாமே யுத்த சாஸ்திரம் போதித்து வந்தார். அவ்வகுப்பில் ஸ்டூபனும் ஒருவராயிருந்தார். கற்றவன் பிறருக்குக் கற்பிக்க வேண்டும் என்னும் நெறி அவருள்ளத்தில் வேரூன்றியது அங்கேதான் போலும்.

யுத்தம் முடிந்ததும் காப்டன் பதவியோடு சேனையிலிருந்து விலக்கப்பட்டார். சிற்றரசர் ஒருவரின் அரண்மனையில் ஊழியம் புரிந்தும் கடன் தொல்லை அவரை விடவில்லை. 1777-ல் பாரிஸ் நகரம் சென்று அமெரிக்கத் தூதர் பெஞ்சமின் பிராங்க்ளினைக் கண்டார். காப்டனாக இருந்த அவரை லெப்டினன்ட் ஜெனரலாக வருணித்து அறிமுகக் கடிதம் ஒன்று எழுதப்பட்டது. இது மெய்யன்று. ஆனால் பொய்ப் பட்டத்தோடு வந்தவர் மெய்யான வேலையினால் அப்பட்டத்தையும் விஞ்சி நின்றார் என்பதே அவருடைய வாழ்க்கையின் விசித்திரம்.

1778 பிப்ரவரி 23-ந் தேதி அவர் வாலி போர்ஜ் பாசறையை அடைந்தார். அங்கு கண்ட காட்சி கல்லையும் கரைக்கத் தக்கது. போதிய உடையில்லை, காலுக்குச் செருப்பில்லை, உணவோ அரைவயிற்றுக்கும் போதாது. குளிர்காலத் தொடக்கத்தில் பாசறை புகுந்த ஏறத்தாழ 12,000 பேரில் சுமார் 2,000 பேர் சில மாதங்களில் நோயினால் மடிந்தனர். ஒவ்வொரு படைப்பிரிவும் வெவ்வேறு முறையில் பயிற்சி பெற்றிருந்தது. இந்தச் சேனை கலைந்துபோனால் அமெரிக்க சுதந்திரமும் கனவாய்ப் போயிருக்கும்.

இத்தனை பேருக்கும் ஒருவர் எங்ஙனம் கற்பிப்பது? ஸ்டூபன் கண்ட வழி மிக எளியது. தளபதி வாஷிங்டனின் மெய்காவற் படையோடு, பல பிரிவுகளிலிருந்து பொறுக்கியெடுத்த சுமார் நூறு பேரைச் சேர்த்து ஒரு மாதிரிப் படை அமைத்தார். மார்ச்சு மாதம் 19-ந் தேதி பயிற்சி தொடங்கியது. முதலில் ஆயுதமின்றி நிற்கவும் நடக்கவும் கற்பித்தார். பின்னர் துப்பாக்கி பிடிக்கவும், அதை மருந்திட்டு விரைவாகச் சுடவும், ஈட்டிமுனையைக் கொண்டு போரிடவும் கற்பித்தார். பிரிவுகளின் உத்தியோகஸ்தர்கள் அதைக் கூர்ந்து நோக்கிச் சென்று, அதே பாடத்தைத் தம் வீரர்களுக்குப் போதித்தனர். ஒரு வாரத்துக்குள் பாசறை முழுவதும் பள்ளிக்கூடமாய் மாறிற்று.

சிப்பாய்க்குக் கற்பிப்பது சார்ஜண்டின் வேலை, மேலதிகாரிக்கு அது இழுக்கு என்பது அக்காலத்து ஆங்கிலேய வழக்கம். ஸ்டூபன் தாமே துப்பாக்கியைக் கையிலேந்திச் சாதாரண வீரன்போல் செய்து காட்டி அவ்வழக்கத்தை உடைத்தெறிந்தார். ஆங்கிலம் அவருக்குத் தெரியாது. பாடங்களைப் பிரெஞ்சில் எழுதுவார், உதவியாளர் ஆங்கிலமாக்குவர். கட்டளையிட்டால் மட்டும் அமெரிக்க வீரன் பணியமாட்டான், காரணத்தையும் விளக்க வேண்டும் என்பதை அவர் சீக்கிரமே உணர்ந்து, தாம் கற்ற பிரஷ்ய முறையை அந்நாட்டின் இயல்புக்கேற்பத் திருத்திக்கொண்டார். சமையலிடத்துக்கு எதிர்ப்புறம் கழிப்பிடம் அமைய வேண்டும் என்பது போன்ற சுகாதார விதிகளையும் வகுத்தார்.

மே மாதத்தில் அவர் சேனையின் தலைமைப் பரிசோதகரானார். ஜூன் 28-ந் தேதி மான்மத் போர்க்களத்தில், பின்வாங்கிய அமெரிக்கப் படை மீண்டும் அணிவகுத்து ஆங்கிலேயப் படையைச் சமமாக எதிர்த்து நின்றது. மறு வருஷம் ஜூலையில் ஸ்டோனி பாயிண்ட் கோட்டை பெரும்பாலும் ஈட்டிமுனையினாலேயே பிடிக்கப்பட்டது. முன்னே அதே ஈட்டிமுனையை வீரர்கள் இறைச்சி வாட்டும் கோலாகவே உபயோகித்து வந்தனர்!

தம் போதனைகளை அவர் ஒரு நூலாக்க, 1779-ல் காங்கிரஸ் அதை ஏற்றது. 1812 வரையில் அதுவே அமெரிக்கச் சேனையின் பாடநூல். 1781-ல் யார்க்டவுன் முற்றுகையில் ஒரு பெரும்படைப் பிரிவுக்கு அவர் தலைமை வகித்தார். யுத்தத்துக்குப் பின் அமெரிக்கக் குடிமகனானார். எனினும் கடன் அவரை மீண்டும் வாட்டியது. காங்கிரஸ் அவருக்கு வருஷத்துக்கு 2,500 டாலர் உபகாரச் சம்பளம் அளித்தது 1790-ல்தான். நன்றிக்கடன் இவ்வளவு தாமதித்துச் செலுத்தப்பட்டது வருந்தத்தக்கதே. நியூயார்க் ராஜ்யம் வழங்கிய நிலத்தில் வாழ்ந்து, 1794 நவம்பர் 28-ந் தேதி அவர் காலமானார்.

போர்க்களத்தில் வென்றவரின் பெயரை உலகம் போற்றுகிறது; பயிற்சிக்களத்தில் உழைத்தவரை மறந்துவிடுகிறது. நூறு பேரைப் பழக்கி, அவர்கள் வழியே ஆயிரமாயிரம் பேரைப் பழக்கிய ஸ்டூபனின் முறை எத்தொழிலுக்கும் பொருந்தும். தான் அறிந்ததைத் தன்னோடு வைத்துக்கொள்பவனால் ஒரு வேலையே முடியும். பிறரையும் ஆசிரியராக்குபவனோ ஒரு தேசத்தையே உருவாக்குகிறான்.