கல்வி வளர்த்த காசிம் நானோத்தவி

கல்விச்சாலை ஒன்றனை நிறுவுதல் அரிய செயல். அதனைப் பிறர் கைக்கு அடிமையாகாது காத்தல் அதனினும் அரிது. அரசர் அளித்த மானியமும் செல்வர் வழங்கிய பொருளும் பண்டுதொட்டுக் கல்விக்குத் துணையாயினமை உண்மையே. ஆயினும், கொடுப்பவர் கை ஓங்குமிடத்துக் கற்பிப்பவர் நா அடங்குதலும் உலகியற்கை. இதனை நன்குணர்ந்து, எளியோர் ஈந்த சிறு பொருளையே முதலாகக் கொண்டு பெருங்கல்லூரி ஒன்றனை நிலைபெறச் செய்த சான்றோர் மௌலானா முகம்மது காசிம் நானோத்தவி ஆவார்.

உத்தரப் பிரதேசத்தின் சகாரன்பூர் மாவட்டத்தில் நானோத்தா என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரில் ஹிஜ்ரி 1248ஆம் ஆண்டில் இவர் பிறந்தார். ஊர்ப்பெயரே இவர் பெயரோடு இணைந்து வழங்கலாயிற்று. இளமைக் கல்விக்குப் பின்னர் இவர் டில்லி சென்று, டில்லிக் கல்லூரியின் அரபு ஆசிரியராகிய மௌலானா மம்லூக் அலியிடம் பயின்றார். நபிமொழி நூல்களை ஷா அப்துல் கனி என்னும் பெரியாரிடம் பாடங்கேட்டார். அந்நாளில் உடன் பயின்ற ரஷீத் அகமது கங்கோஹி இவருடைய வாழ்நாள் நண்பரானார்.

கற்றுத் தேர்ந்த காசிம் பெரும்பதவி எதனையும் நாடினாரல்லர். அகமது அலி சகாரன்பூரி என்னும் அறிஞர் டில்லியில் நடத்திய அச்சுக்கூடத்தில் பிழை திருத்தும் பணியை மேற்கொண்டார். புகாரி இமாம் தொகுத்த நபிமொழி நூலுக்கு அவ்வறிஞர் உரைக்குறிப்பு எழுதி வந்தார். அதன் இறுதிப் பகுதியை எழுதும் பொறுப்பினை அவர் இவ்விளைஞரிடமே ஒப்படைத்தார் எனின், இவரது புலமையை நாம் உணரலாம்.

1857ஆம் ஆண்டின் பெருங்கிளர்ச்சி டில்லியின் வாழ்வைக் குலைத்தது. கடைசி முகலாய மன்னர் இரங்கூனுக்கு நாடு கடத்தப்பட்டார். கலைக்கூடங்கள் பல அழிந்தன; டில்லிக் கல்லூரியும் மூடப்பட்டது. மன்னரையும் பிரபுக்களையும் சார்ந்து வாழ்ந்த கல்வி, கொழுகொம்பு இழந்த கொடிபோல் வாடிற்று. இனி மார்க்கக் கல்வியை யார் புரப்பார் என்பதே அறிஞர் உள்ளங்களை வருத்திய வினாவாயிற்று.

அவ்வினாவிற்கு விடையாய் எழுந்ததே தேவ்பந்த் நகரின் தாருல் உலூம் கல்லூரி. 1866ஆம் ஆண்டு மே மாதத்தில், அந்நகரின் சத்தா பள்ளிவாசலில், ஒரு மாதுளை மரத்தின் நிழலில் அது தொடங்கிற்று. அன்று இருந்தவர் ஆசிரியர் ஒருவரும் மாணவர் ஒருவருமே. இருவர்க்கும் மஹ்மூத் என்பதே பெயர். ஹாஜி ஆபித் உசேன் முதலிய உள்ளூர்ப் பெரியோர் வீடுதோறும் சென்று பொருள் திரட்டினர். மீரட் நகரில் அச்சுக்கூடப் பணியில் இருந்த காசிம் இம்முயற்சிக்கு வழிகாட்டியாய் விளங்கினார்.

கல்லூரிக்கென இவர் எட்டு நெறிகளை வகுத்தார். பொதுமக்கள் நன்கொடையைப் பெருக்குதல், மாணவர் உணவிற்கு ஆவன செய்தல், எதனையும் கலந்தாய்ந்து முடிவு செய்தல் என்பன அவற்றுட் சில. அவற்றுள் ஒன்று நம்மை வியக்கச் செய்வது. நிலமானியம், வாணிகம், செல்வரின் வாக்குறுதி போன்ற நிலையான வருவாயைக் கல்லூரி தேடுதல் ஆகாது என்பதே அது. அரசினர் பங்கும் செல்வர் பங்கும் தீங்கு தருவன என்றும் இவர் கருதினார்.

வருவாய் உறுதியாதல் நன்றன்றோ என நாம் வினவலாம். அடுத்த திங்கள் ஆசிரியர்க்கு ஊதியம் கிடைக்குமோ என அஞ்சி வாழ்தல் எளிதன்று. ஆயின், வருவாய் உறுதியானவிடத்து இறைவனை நோக்கிய அச்சமும் நம்பிக்கையும் தளரும். பணியாற்றுவோரிடையே பிணக்கும் தோன்றும் என்பது இவர் துணிபு. வறுமையையே கல்லூரியின் வேலியாக இவர் அமைத்தார் எனலாம்.

அவ்வேலிக்குள் பயிர் செழித்தது. தொலைவில் வாழ்ந்தோர் அஞ்சல்வழிப் பணம் அனுப்பினர். வசதியற்றோர் உணவும் நூலும் பிற பொருளும் உதவினர். இந்துக்கள் சிலரும் கொடையாளராயினர். பெற்றவை அனைத்தும் ஆண்டறிக்கையில் வெளியிடப்பட்டன. ஆதலின், சிறு கொடை ஈந்தவரும் இஃது எம் கல்லூரி எனப் பெருமிதம் கொண்டனர். வரையறுத்த பாடத்திட்டம், எழுத்துத் தேர்வு, நூலகம் ஆகியவற்றோடு கல்லூரி முறைப்பட வளர்ந்தது. காசிமோ கல்லூரியிலிருந்து ஊதியம் பெறாது, அச்சுக்கூட வருவாயைக் கொண்டே எளிய வாழ்வு நடத்தினார்.

1880ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் இவர் தேவ்பந்தில் மறைந்தார். ஐம்பது வயதும் நிரம்பவில்லை. அலிகாரில் 1875ஆம் ஆண்டில் வேறொரு நெறியில் கல்விநிலையம் கண்டவர் சர் சையது அகமது கான். ஆங்கிலக் கல்வியையும் அரசின் ஆதரவையும் விரும்பிய அப்பெரியாரும், கருத்து வேறுபாட்டைப் பாராது, இவரது தூய வாழ்வைப் போற்றி எழுதினார்.

மாதுளை நிழலில் அமர்ந்த முதல் மாணவர் மஹ்மூத் ஹசன், பின்னர் அக்கல்லூரியின் தலைமையாசிரியராய் உயர்ந்தார். நாட்டு விடுதலைக்காக மால்ட்டாத் தீவில் சிறையிருந்தார். 1920ஆம் ஆண்டில் ஜாமியா மில்லியா கல்விநிலையத்தின் தொடக்கத்திலும் பங்குகொண்டார். ஆசிரியர் காத்த தன்மானம் மாணவரிடத்தும் விளங்கிற்று.

பெரும்பொருள் ஈட்டிய பின்னரே நற்செயல் தொடங்குவோம் எனக் காத்திருப்போர் பலர். சிறு பொருளும், நேரிய கணக்கும், பிறர்க்கு வளையாத உள்ளமும் இருப்பின் பெருஞ்செயல் கைகூடும் என்பதனை இச்சான்றோர் வாழ்க்கை நமக்கு உணர்த்துகின்றது.