தாதியர்க்கு ஆசிரியை: புளோரென்ஸ் நைட்டிங்கேல் அம்மையார்

கைத்தொழில் யாதாயினும் செவியாற் கேட்ட அளவில் வந்துவிடுவதன்று. கண்டும், செய்தும், பிழை திருத்தப்பெற்றும் பழகிய பின்னரே கைவருவது. நோயாளரைப் பேணும் தொழிலுக்கும் இவ்விதி பொருந்தும் என்பதை உலகறியச் செய்தவர் புளோரென்ஸ் நைட்டிங்கேல் அம்மையார்.

இவர் 1820-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் நாள் இத்தாலி நாட்டுப் புளோரென்ஸ் நகரில், செல்வமிக்க ஆங்கிலக் குடும்பத்திற் பிறந்தார். பிறந்த நகரின் பெயரே இவர் பெயராயிற்று. அக்காலத்து மருத்துவசாலைத் தாதியர் கல்வியும் ஒழுக்கமும் அற்றவரென்றே இகழப்பட்டனர். ஆதலின், 1845-இல் இவர் அத்தொழில் பயில விரும்பியபோது பெற்றோர் இசைந்திலர். அம்மையார் மனந்தளராது காத்திருந்து, 1851-இல் ஜெர்மானிய நாட்டுக் கைசர்ஸ்வெர்த்தில் ஏறக்குறைய மூன்று திங்கள் பயின்றார்.

கிரிமியப் போர் மூண்டபோது, 1854 நவம்பரில், 38 பெண்டிரோடு ஸ்கூட்டாரி இராணுவ மருத்துவசாலையை அடைந்தார். அங்கே போர்வீரரைக் காயங்களினும் மிகுதியாக மாய்த்தவை காய்ச்சலும் வயிற்றுக் கழிச்சலுமே. 1855-இல் சுகாதாரக் குழுவினர் வந்து சாக்கடைகளையும் காற்றோட்டத்தையும் சீர்செய்த பின்னரே சாவு பெரிதும் குறைந்தது. அன்பு மாத்திரம் உயிர்காவாது, அறிவும் பயிற்சியும் உடனிருத்தல் வேண்டும் என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை.

மக்கள் நன்றியுடன் திரட்டிய நிதியைக்கொண்டு, 1860-இல், லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவசாலையில் தாதியர் பள்ளி தொடங்கப்பெற்றது. முதற்கண் சேர்ந்தோர் 15 மாணவியர், பயிற்சிக்காலம் ஓராண்டு, உணவும் உறையுளும் உடையும் அன்றி, ஆண்டிற்குப் பத்துப் பவுன் ஊதியமும் உண்டு. வார்டுத் தலைவியர் அருகிருந்து காட்ட, மாணவியர் தம் கையாற் செய்தனர். புண் கட்டுதல், ஒத்தடமிடுதல், அட்டைவிடுதல், நோயாளியை வருத்தாது படுக்கை விரித்தல், படுக்கைப்புண் வாராது காத்தல், கஞ்சி காய்ச்சுதல் ஆகியவற்றோடு, நாடி, தோல், பசி முதலியவற்றைக் கூர்ந்து நோக்கிச் சொல்லுதலும் பாடமாயிற்று. தலைவியாகிய வார்ட்ரோப்பர் அம்மையார் ஒவ்வொருத்தியின் தேர்ச்சியையும் ஒழுக்கத்தையும் திங்கள்தோறும் தனித்தனியே மதிப்பிட்டுப் பதிவேட்டில் எழுதினார்.

ஆயினும், ஏட்டிலிருந்த விதி வேறு; வார்டில் நடந்தது வேறு. நோயினால் ஒதுங்கியிருந்த நைட்டிங்கேல் அம்மையார், பாடங்கள் ஒழுங்காக நடைபெறவில்லை என்பதை 1872-ஆம் ஆண்டளவில் அறிந்தார். தம் பெயர் தாங்கிய பள்ளியாயிற்றே என்று குறையை மூடாது, போதிக்கும் மருத்துவரை மாற்றுவித்தார். மாணவியரை ஒவ்வொருவராகத் தம் இல்லத்திற்கு அழைத்து, கண்டதும் கற்றதும் யாவை என வினவிக் குறித்துக்கொண்டார். அறிவுரைக் கடிதங்களும் எழுதத் தொடங்கினார். ஆசிரியர் வினவ மாணவர் விடைகூறுவது வழக்கம். இங்கோ மாணவியர் விடையினின்று பள்ளியே தன்னைத் திருத்திக்கொண்டது.

பிற்காலத்தில், தேர்வு நடத்தித் தாதியரைப் பதிவுசெய்யும் முயற்சி எழுந்தபோது அம்மையார் அதனை எதிர்த்தார். எழுத்துத் தேர்வு நினைவாற்றலை அளக்குமேயன்றிக் கைத்திறனையும் குணத்தையும் அளவாது என்பது அவர் துணிபு. 1910 ஆகஸ்டு 13-ஆம் நாள், தம் 90-ஆம் வயதில் அவர் மறைந்தார். 1919-இல் பதிவுச் சட்டம் நிறைவேறிற்று. பொதுமக்களின் பாதுகாப்பிற்கு அதுவும் வேண்டுவதே. எனினும், அவர் எழுப்பிய ஐயம் இன்றும் ஓய்ந்திலது. தேர்வில் வென்ற நாம், நோயாளியின் கட்டிலருகே நின்று செய்யவல்லது யாது என்பதே அது. மாணவ நண்பர்காள், எத்துறையிற் பயில்வோரும் தம்மைத்தாமே வினவிக்கொள்ளத்தக்க வினா இஃதன்றோ!