கரியில் ஓடிய பஸ்... பெட்ரோல் தட்டுப்பாட்டைச் சமாளித்த டி.வி.சுந்தரம் அய்யங்கார்! யார் இவர்?

போடியிலிருந்து போடிமெட்டு ஏறும் சாலையில் மொத்தம் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவுக்கும் கியரைக் குறைக்கணும், தாண்டியதும் கூட்டணும். ஒருமுறை மேலே போய் இறங்கினாலே இடது கைக்கு நல்ல வேலைதான்.

அதனால்தான் கார் பிரியர்கள் சிலர் கம்பெனி கொடுத்த கியர் லிவரைக் கழற்றிவிட்டு, ‘ஷார்ட் ஷிஃப்டர்’ என்ற ஒன்றை மாட்டுகிறார்கள். இப்படி வண்டி ஷோரூமை விட்டு வெளியே வந்த பிறகு நடக்கும் பார்ட்ஸ், ரிப்பேர், மாற்று ஃபிட்டிங் வியாபாரம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ‘ஆஃப்டர்மார்க்கெட்’ என்று பெயர்.

இந்த வேலையைத் தென்னிந்தியாவில் ஒரு பெரிய தொழிலாக வளர்த்தவர்களில் முக்கியமானவர், மதுரையில் கடை போட்ட ஒரு பஸ் முதலாளி. டி.வி.எஸ். என்ற மூன்று எழுத்துக்குச் சொந்தக்காரரான டி.வி.சுந்தரம் அய்யங்கார்தான் அவர்.

*வக்கீல், ரயில்வே, பேங்க்... கடைசியில் பஸ்!*

திருக்குறுங்குடி வேங்கரம் சுந்தரம் அய்யங்கார். இதுதான் முழுப்பெயர். 1877-ல் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த திருக்குறுங்குடியில் பிறந்தார். அப்பாவின் விருப்பப்படி வக்கீல் தொழிலில் இறங்கினார். அது ஒட்டவில்லை. ரயில்வேயில் வேலை பார்த்தார், பிறகு பேங்கில் வேலை பார்த்தார். மாதச் சம்பளம் நிச்சயம் என்றிருந்த அந்த வாழ்க்கையை விட்டுவிட்டு, சொந்தத் தொழிலுக்கு வந்தார்.

1911-ல் டி.வி.சுந்தரம் அய்யங்கார் அண்ட் சன்ஸ் நிறுவனம் தொடங்கியது. அடுத்த வருஷமே மதுரையில் பஸ் சர்வீஸ். பிறகு சதர்ன் ரோட்வேஸ் என்ற பெயரில் பஸ்களும் லாரிகளும் ஓடின.

*அந்தக் காலத்தில் பஸ் ஓட்டுவது எப்படி இருந்தது?*

இன்றைக்கு கிளட்சை ஒரு தடவை மிதித்தால் கியர் விழுந்துவிடும். பற்சக்கரங்களின் வேகத்தைச் சமமாக்கித் தரும் ‘சிங்க்ரோமெஷ்’ அமைப்புதான் காரணம். அது அமெரிக்காவின் கேடிலாக் காரில் வந்ததே 1928-ல்தான். அதற்கு முன்பு டிரைவர் கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வரணும், விடணும், மறுபடி மிதித்து அடுத்த கியருக்குப் போகணும். நேரம் தப்பினால் கியர்பாக்ஸ் கரகரவென்று கத்தும். ‘டபுள் கிளட்ச்’ என்று பழைய டிரைவர்கள் சொல்வது இதைத்தான்.

ரோடும் மோசம். மாட்டு வண்டிகள்தான் அதிகம். மாட்டின் லாடத்திலிருந்து விழும் ஆணி பஸ் டயரில் ஏறினால் பஞ்சர். ஆணிகளைப் பொறுக்கி எடுக்க, காந்தம் கட்டிய வண்டியை ரோட்டில் ஓடவிட்டார் சுந்தரம் அய்யங்கார் என்றொரு கதை மதுரைப் பக்கம் உண்டு. டி.வி.எஸ். பஸ் வருவதைப் பார்த்து மணியைச் சரி செய்துகொள்ளலாம் என்பதும் பெரியவர்கள் சொல்லும் பேச்சு. இதில் மிகைப்படுத்தல் எவ்வளவு இருந்தாலும், அவருக்கு எதில் பெயர் கிடைத்தது என்பது தெரிகிறது. சொன்ன நேரத்துக்கு வண்டி வரும் என்ற நம்பிக்கையில்தான்.

*ரயிலும் இல்லை, பெட்ரோலும் இல்லை!*

அந்த நம்பிக்கைக்குச் சோதனை வந்தது இரண்டாம் உலகப் போரில்.

தேனி, போடி, கம்பம் எல்லாம் அப்போது மதுரை மாவட்டம். தேனி தனி மாவட்டமானது 1996-ல். மதுரையிலிருந்து போடிக்கு 1928-ல் ரயில் வந்திருந்தது. மலையிலிருந்து இறங்கும் ஏலக்காய்க்கு அது பெரிய வசதி. போர்க் காலத்தில் இரும்புத் தேவைக்காக அந்தத் தண்டவாளத்தையே பெயர்த்து எடுத்துவிட்டார்கள். மறுபடி போடிக்கு ரயில் வந்தது 1950-களில்தான்.

ரயில் போனதும் பள்ளத்தாக்குக்கு மிஞ்சியது ரோடு. ஆனால் ரோட்டில் ஓட பெட்ரோல் இல்லை. 1942-ல் பர்மா ஜப்பான் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்த எண்ணெய் நின்றுபோனது. பெட்ரோலுக்குக் கடுமையான ரேஷன். மாகாணம் முழுக்க இதே நிலைமை.

இந்த நேரத்தில் சுந்தரம் அய்யங்கார் கொண்டுவந்ததுதான் ‘டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்’. புது பஸ் வாங்கத் தேவையில்லை. இருக்கிற பெட்ரோல் வண்டியிலேயே கூடுதலாக மாட்டிக்கொள்ளலாம். சுத்தமான ஆஃப்டர்மார்க்கெட் ஃபிட்டிங்!

*கரி எப்படி பஸ்ஸை ஓட்டியது?*

வண்டியின் பின்பக்கம் அடுப்பு மாதிரி ஓர் உருளை. அதில் மரக்கரி. காற்றை அளவாக விட்டு எரித்தால் கரி முழுசாக எரியாது. கார்பன் மோனாக்சைடு கலந்த, எரியக்கூடிய வாயு வரும். அதை வடிகட்டி, ஆறவைத்து, குழாய் வழியாக இன்ஜினுக்கு அனுப்பினால் பெட்ரோல் ஆவியின் வேலையை அது செய்யும்.

சிக்கல்களும் இருந்தன. அடுப்பு பற்றி, வாயு வரும் வரை காத்திருக்கணும். சாம்பலை அள்ளணும், ஃபில்டரைத் துடைக்கணும். எல்லாவற்றையும் விட, கேஸில் ஓடும்போது இன்ஜின் பவர் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். சமவெளியில் ஓட்டிவிடலாம். மேடு வந்தால் கீழ் கியரில் உறுமிக்கொண்டேதான் ஏறணும். வேகம் குறைந்தாலும் பஸ் நிற்கவில்லை. அன்றைக்கு அதுதான் தேவை.

தேய்ந்த டயரில் புது ரப்பர் ஒட்டும் ரீட்ரெடிங் தொழிற்சாலையையும் அவர் தொடங்கினார். மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ், சுந்தரம் மோட்டார்ஸ் ஆகியவையும் அவர் தொடங்கியவைதான்.

*மகளுக்கு டாக்டர் படிப்பு*

அவரது மகள் சௌந்தரம், அந்தக் கால வழக்கப்படி சிறு வயதிலேயே திருமணமாகி, இளம் வயதில் கணவரை இழந்தவர். விதவைப் பெண்களை வீட்டு மூலையில் முடக்கிவைத்த காலம் அது. சௌந்தரம் டெல்லி போய் லேடி ஹார்டிங் கல்லூரியில் மருத்துவம் படித்து, 1936-ல் டாக்டரானார். 1940-ல் ஜி.ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை 1947-ல் உருவாக்கியவர்கள் இவர்கள்தான். பின்னாளில் சௌந்தரம் மத்திய கல்வித்துறை துணை அமைச்சராகவும் இருந்தார்.

*அதன் பிறகு?*

தொழிலை மகன்களிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிய சுந்தரம் அய்யங்கார், 1955 ஏப்ரல் 28-ல் கொடைக்கானலில் காலமானார். வயது 78. டி.வி.எஸ். பஸ்கள் 1970-களின் தொடக்கத்தில் அரசுடைமையாகி, பாண்டியன் ரோட்வேஸ் ஆயின. பார்ட்ஸும் வண்டித் தயாரிப்பும் குடும்பத்தின் அடுத்த தலைமுறைகளோடு தொடர்ந்தன.

*சரி, ஷார்ட் ஷிஃப்டர் மாட்டலாமா?*

அது செய்வது ஒன்றுதான். லிவர் அசையும் அச்சின் இடத்தை மாற்றி, கை நகரும் தூரத்தைக் குறைக்கும். பதிலுக்குக் கொஞ்சம் அழுத்தித் தள்ளணும். இன்ஜின் பவர் ஏறாது, உள்ளே இருக்கும் பற்சக்கரமும் மாறாது. கியர் தளர்வாக ஆடினால் லிவரின் புஷ், கேபிள், கிளட்ச் இவற்றை முதலில் பார்க்கணும். தேய்ந்த புஷ்ஷை மாற்றினாலே பாதிப் பிரச்னை தீரும். அதை விட்டுவிட்டு ஷிஃப்டரை மட்டும் மாட்டினால், மலை இறக்கத்தில் கியர் சரியாக விழாமல் போகலாம். அங்கே பிரேக்குக்கு ஓய்வு கொடுப்பதே கீழ் கியர்தான்.

கரி அடுப்பு பஸ்ஸின் வேகத்தைக் குறைத்தது, அழகையும் கெடுத்தது. ஆனால் அந்த ரோட்டில் அந்த வருஷத்தில் எது இல்லாமல் வண்டி நின்றுபோகுமோ, அதைக் கொடுத்தது.

சுருளிப்பட்டி பக்கம் திராட்சைத் தோட்டத்து வழிகளில் இன்றைக்குச் சுமையோடு போகும் டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டிகளிலும் அந்த மூன்று எழுத்து இருக்கிறது. அதில் மாற்றுவதற்கு கியரே கிடையாது!